பிடிக்கொழுந்தில் கட்டிய கம்பி

எங்கள் தோட்டத்தில் மேமலை என்று ஒரு மலை உண்டு. மலை என்றால் இங்கே தேயிலை நிற்கிற சரிவு. பொகவந்தலாவையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், எங்கள் கடைசி வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மேலே பார்த்தால் தெரிவது அதுதான். அங்கே விளைவது நல்ல கொழுந்து. பறித்ததைக் கீழே கொண்டுவருவதுதான் பாடு. கொழுந்து நிறுக்கிற மடுவம் அடிவாரத்தில், ரோட்டோரம் இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. மூன்று தடவையும் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு மண்ணில் செதுக்கிய படிகளில் இறங்க வேண்டும். மழை பெய்தால் அந்தப் படி சோப்புக்கட்டிதான்.

நாற்பது வருசத்துக்கு மேல் அந்த மலையில் பறித்திருக்கிறேன். ஒரு தடவைகூட விழுந்ததில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், பெருமைக்குத்தான்.

விழுந்தவர்கள் இருக்கிறார்கள். சில வருசத்துக்கு முந்திய ஒரு மழைக்காலத்தில் எங்கள் கூட்டத்து அக்கா ஒருவர் சாக்கோடு சறுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எல்லோரும் பயந்து பயந்து இறங்கினோம். இறங்க நேரமானது. அப்போதுதான் பெரியதொரை, அதாவது எங்கள் தோட்ட மேனேஜர், காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் வந்து நின்று அந்தச் செய்தியைச் சொன்னார். அவர் சிங்களவர். தமிழை எங்களிடம் பேசியே பழகியதால் எங்களைப் போலவே பேசுவார்.

"மேமலைக் கொழுந்து கீழ வந்து சேர்றதுக்குள்ள சாக்குக்குள்ளேயே சூடேறிப் போகுது. தூள் அரைக்கிற ஸ்டோர்ல அதை நல்ல தூளுக்கு எடுக்க மாட்டேங்கிறாங்க. அந்த மலையைக் காடா விட்டுரலாம்னு கம்பெனியில பேசுறாங்க" என்றார்.

ஏற்கெனவே இரண்டு மலை அப்படிக் காடாகியிருந்தது. மானாப்புல் ஆளை மறைக்கிற உயரத்துக்கு வளர்ந்து, அதற்குள்ளே தேயிலை மரம் மரமாகவே நின்றது. மேமலையும் போனால் எங்கள் பதினாறு பேருக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை மிஞ்சுவதே சந்தேகம். எங்களில் முக்கால்வாசிப் பேர் வயசானவர்கள். நுவரெலியாவுக்குப் போய் மரக்கறித் தோட்டத்தில் குனிய எங்களால் முடியாது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்த யோசனை வந்தது. வந்தது என்றுகூடச் சொல்லக்கூடாது, சறுக்கிக்கொண்டு ஓடியது. என் காம்பரா, அதாவது என் ஒற்றை அறை வீடு, மேல் லயத்து வரிசையில் இருக்கிறது. என் அண்ணன் வீடு அதற்கு நேர் கீழே, அடுத்த லயத்தில். துணி காயப்போட என் கூரைக் கம்பத்திலிருந்து அண்ணன் வாசல் கொய்யாமரம் வரைக்கும் ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருந்தோம். நனைந்த குடையை அதில் மாட்டிவிட்டுத் திரும்பினேன். வளைந்த பிடியுள்ள குடை. விர்ரென்று ஒரு சத்தம். குடை கம்பியோடு ஓடிப்போய், கீழே முகம் கழுவிக்கொண்டிருந்த என் மதினியின் முதுகில் மோதியது. மதினி என் அண்ணன் பெண்டாட்டி. என்னைவிட ஆறு மாதம் மூத்தவள். வாய் மட்டும் அறுபது வருசம் மூத்தது.

"ஏ புள்ள! கொடையால அடிக்கிறியா? என் கல்யாணத்துல ஒனக்கு எடுத்த சீலை குறைஞ்சதுக்கு இன்னும் ஆத்திரமா ஒனக்கு?"

"நான் அடிக்கல மதினி. அதுவா வந்துச்சு."

"அதுவா வர அதென்ன பஸ்ஸா?"

நான் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு இறங்கிப் போய்க் குடையை வாங்கி வந்து மறுபடியும் மாட்டி விட்டேன். மறுபடியும் ஓடியது. குடையில் ஒரு கோதுமைமாப் பொட்டலத்தைக் கட்டி விட்டேன். அதுவும் போனது. மதினி அதைப் பிடித்துவிட்டு மேலே பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம் போய்விட்டது. மத்தியானம் வரைக்கும் நாங்கள் இரண்டு கிழவிகளும் குடை விட்டு விளையாடினோம். அண்ணன் சோறு கேட்டுக் கேட்டுத் தூங்கிப்போனார்.

மறுநாள் பெரியதொரையிடம் போய்ச் சொன்னேன். மேமலை உச்சியிலிருந்து மடுவம் வரைக்கும் கம்பி கட்டினால் சாக்கு தானாக இறங்கும், கொழுந்து சூடேறாது, ஆளும் விழாது என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். நெற்றியைச் சொறிந்தார்.

"நல்ல யோசனைதான். ஆனா இல்லாத ஒண்ணுக்குக் கம்பெனியில நான் எப்படிப் பணம் கேக்குறது? நீங்க செஞ்சு காட்டுங்க, நான் எழுதுறேன்."

செய்து காட்டத்தானே பணம் வேண்டும்! ஹட்டனுக்குப் போய் ஒரு வங்கியில் ஏறினேன். அங்கே இருந்த பிள்ளை மரியாதையாக உட்காரச் சொன்னாள்.

"அம்மா, திட்டம் எழுதிக் கொண்டாந்திருக்கீங்களா?"

"எல்லாம் தலைக்குள்ள இருக்கு."

"தலையை அடமானமா எடுக்க முடியாதேம்மா" என்று அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. பிறந்து நடக்கிற பிள்ளைக்குச் சட்டை வாங்கிக் கொடுக்க எல்லோரும் வருவார்கள். பிறக்காத பிள்ளைக்கு யார் அளவெடுப்பது?

ஆனாலும் அந்த வாரத்திலேயே இரண்டு பேர் அளவெடுத்தார்கள். நோட்டன் பிரிட்ஜில் கம்பிவேலை செய்கிற என் மருமகன், பழைய இரும்புக்கடையில் ஒரு சுருள் எஃகுக் கம்பி கிடக்கிறது என்று லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஹட்டன் பஸாரில் இரும்புச்சாமான் கடை வைத்திருக்கிற முதலாளி, நான் கிணற்றுக் கப்பி கேட்டதும், "எத்தனையடிக் கிணறு?" என்றார். "கிணறு இல்லை முதலாளி, மலை" என்றேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, கடையில் வைத்து நாளான இரண்டு கப்பிகளைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். "ஓடுனா வந்து சொல்லுங்க. ஓடாட்டியும் வந்து சொல்லுங்க, சிரிக்க எனக்கும் ஆள் வேணும்" என்றார்.

கம்பியும் கப்பியும் வந்துவிட்டன. நேரம்தான் இல்லை. வழியை வெட்ட வேண்டும், குழி தோண்ட வேண்டும், கட்டை நட வேண்டும். எல்லாம் வெளிச்சத்தில் செய்கிற வேலை. ஞாயிறு மட்டும் செய்தால் ஒரு வருசம் போகும். அதற்குள் மலை காடாகிவிடும். அரை நாள் பறித்துவிட்டு அரை நாள் கம்பியில் நின்றால், கொழுந்து எடை குறையும். எடை குறைந்தால் முழுப்பேர் விழாது. பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் சம்பளம். அரைப்பேரில் சாப்பிட முடியாது.

எங்கள் மலைகளில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓடுகிறவள், காய்ச்சலோடு வந்து நிற்கிறவள், இவர்கள் கூடையில் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்து போடுவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. கடந்து போகும்போது கை நீளும், கொழுந்து விழும். தோட்டத்துச் சட்டப்படி அது தப்பு. ஆனால் கொழுந்தில் பேர் எழுதியா இருக்கிறது?

மத்தியானத் தேத்தண்ணி நேரத்தில் மதினி அந்தப் பேச்சை எடுத்தாள்.

"இவ கூடையில நாம பிடி போட்டா என்ன?"

எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருசத்தில் எத்தனையோ கூடையில் நான் போட்டிருக்கிறேன். என் கூடையில் ஒரு இலை விழ விட்டதில்லை. என் மூத்த மகள் வயிற்றில் ஒன்பது மாதம் இருந்தபோதுகூட என் பேர் என் கையால்தான் விழுந்தது.

"எனக்கு என்ன காய்ச்சலா? கையா விளங்கலை?" என்றேன்.

"கை நல்லாத்தான் இருக்கு. தலைதான் வீங்கியிருக்கு" என்றாள் மதினி. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவள் குரலைத் தணித்து, "ஏ புள்ள, நாங்க ஒனக்கா போடுறோம்? கம்பிக்குப் போடுறோம். கம்பிக்குக் கை இல்ல, அதனால ஒன் கூடையில போடுறோம். ஒனக்கு வேணாம்னா மூஞ்சியைத் திருப்பிக்க" என்றாள்.

மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். பின்னால் என் கூடையில் சலசலவென்று கொழுந்து விழுகிற சத்தம் கேட்டது. ஆட்கள் வரிசையாகக் கடந்து போனார்கள். மழைத்தண்ணீர் பீலியில் விழுகிற மாதிரி விட்டு விட்டு அந்தச் சத்தம். என் கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை. பார்த்தவள் இருந்தால் இத்தனை வருசத்தில் சொல்லிக் காட்டியிருப்பாள்.

மலையில் எங்களை வேலை வாங்குகிற கங்காணி ஒரு பெண், என் மகள் வயசு. அவளுக்கு எல்லாம் தெரியும். "பெரியம்மா, மத்தியானத்துக்கு மேல எனக்குக் கழுத்துச் சுளுக்கு. உச்சிப்பக்கம் திரும்ப முடியாது" என்றாள். இரண்டு மாதம் அந்தச் சுளுக்கு நிற்கவே இல்லை.

இரண்டு மாதமும் மத்தியானத்துக்கு மேல் நான் உச்சியில் நின்றேன். மருமகன் லீவு நாளில் வந்து, மரத்தை நம்பாதீர்கள், கட்டையைப் படுக்கவைத்து ஆழமாகப் புதைத்து அதில் கம்பியைக் கட்டுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். தோண்டினேன். கல் வந்தது. வேறிடத்தில் தோண்டினேன். அங்கேயும் கல், கொஞ்சம் பெரிய கல். மூன்றாவது குழியில்தான் மண் கிடைத்தது. சாயந்தரம் கை காய்த்துப்போய் இறங்கி வருவேன். என் கூடை எனக்கு முன்னால் மடுவத்தில் நிறைந்து உட்கார்ந்திருக்கும்.

இங்கேதான் எங்கள் பெண்டுகள் ஒரு தப்புச் செய்தார்கள். நல்ல மனசு செய்கிற தப்பு. ஆளுக்கு ஒரு பிடி என்பதுதான் பேச்சு. நாளாக நாளாக, பக்கத்து நிரையில் இருக்கிறவள் இன்றைக்கு மறந்திருப்பாள் என்று ஒருத்தி இரண்டு பிடி போட்டாள். அவளும் அப்படியே நினைத்து இரண்டு போட்டாள். மதினி யாரையும் நம்பாமல் மடியோடு அவிழ்த்துக் கொட்டினாள். மழை விட்டு வெயில் எரித்துக் கொழுந்து பொங்குகிற மாதம் வேறு. கணக்கப்பிள்ளை என் சாக்கைத் தராசில் மாட்டிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

மறுநாள் காலைப் பெரட்டில் பெரியதொரை வந்து நின்றார். கையில் ஒரு பை. என் பேரைச் சொல்லி முன்னால் கூப்பிட்டார்.

"இந்த மாசம் டிவிசன்லேயே ஆகக்கூடக் கொழுந்து எடுத்தது யார்னு தெரியுமா? இவங்கதான். இந்த வயசுல! வாங்க, போட்டோ எடுத்து ஆபீஸ்ல ஒட்டப்போறேன்."

பையிலிருந்து ஒரு புதுக் கம்பளி எடுத்தார். நல்ல தடித்த கம்பளி. பின்னால் பதினைந்து பேரும் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. யாரோ ஒருத்தி இருமுவது போலச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பளியை வாங்கினால், மற்றவர்கள் கையால் பறித்ததற்கு என் போட்டோ ஆபீஸில் தொங்கும். உண்மையைச் சொன்னால் எல்லோர் பேரும் அடிபடலாம். கம்பியும் போகும், மலையும் போகும். தொரை போனைத் தூக்கிப் பிடித்துவிட்டார்.

"தொரை, போனை இறக்குங்க. அந்தக் கொழுந்து என் கை பறிச்சது இல்ல" என்றேன்.

தொரை போனை இறக்கினார்.

"அப்ப யார் பறிச்சது?"

என்னை வெட்டிப்போட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். மதினிதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் ஒரு பிடி போட்டேன், ஐயா."

"ஒரு பிடியா? மடியோட கொட்டினாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நானும் ஒரு பிடி." "நான் ரெண்டு." "எனக்கு எண்ணத் தெரியாதுங்க, போட்டேன்." ஒவ்வொருத்தியாக வந்து என் பக்கத்தில் நின்றார்கள். கடைசியில் கங்காணியும் வந்தாள். "எனக்குக் கழுத்துச் சுளுக்குங்க, நான் பார்க்கலை" என்றாள். அதைக் கேட்டுக் கணக்கப்பிள்ளையே சிரித்துவிட்டார்.

தொரை கம்பளியை மடித்துப் பைக்குள் வைத்தார். "எதுக்காகப் போட்டீங்க?"

"கம்பிக்கு" என்றோம் எல்லோரும்.

"அப்ப அந்தக் கம்பியைக் காட்டுங்க. இப்பவே."

எனக்கு இன்னும் ஒரு வாரம் வேண்டியிருந்தது. சாக்கின் வேகத்தைக் குறைக்கிற வழியை நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் தொரை ஜீப்பில் மடுவத்துக்குப் போய் இறங்கிவிட்டார். நான் உச்சிக்கு ஏறினேன். மதினியைக் கீழே மடுவத்தில் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் அவசர அவசரமாகப் பறித்து ஒரு சாக்கில் கட்டினோம். கீழேயும் மேலேயும் கூப்பிட்டால் கேட்காது. கல்லால் கம்பியைத் தட்டுவது என்று பேசி வைத்திருந்தோம். இரண்டு தட்டு என்றால் அனுப்பு. கம்பியில் காதை வைத்தேன். டிங், டிங் என்று வந்தது. முருகா என்று விட்டேன்.

சாக்கு போன போக்கைச் சொல்லி முடியாது. சறுக்கியது, பறந்தது, பேய் பிடித்தது. பாதி மலையில் பார்த்தோம், மறுகணம் கீழே தடால் என்றது. கட்டையில் மோதிச் சாக்கு வெடித்து, கொழுந்து முழுவதும் மழை மாதிரி தொரையின் தொப்பியிலும் ஜீப்பிலும் கொட்டியது. நான் அப்படியே குந்திவிட்டேன். போயிற்று என்று நினைத்தேன். விழாதவள் என்கிற பேரும் போயிற்று, மலையும் போயிற்று.

கீழே நடந்ததை மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். தொரை அசையாமல் நின்றாராம். பிறகு தோளில் கிடந்த கொழுந்தை எடுத்து மோந்து பார்த்தாராம். நுனியைக் கிள்ளிப் பார்த்தாராம். குனிந்து தரையில் கிடந்ததையும் அள்ளிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாராம்.

"சில்லுன்னு இருக்கு. மேமலைக் கொழுந்து இந்த மாதிரிக் கீழ வந்து நான் பார்த்ததே இல்ல" என்றாராம். உடனே தொப்பியில் ஒட்டிய இலையோடேயே படி ஏற ஆரம்பித்தார். மதினி பின்னால் வர, மூச்சு வாங்கிக்கொண்டு உச்சிக்கு வந்து சேர்ந்தார். நாங்கள் அந்தப் படியில் தினமும் மூன்று தடவை ஏறுகிறோம் என்பது அன்றைக்குத்தான் அவர் காலுக்குத் தெரிந்தது.

"வேகத்தை எப்படிக் குறைப்பீங்க?" என்று கேட்டார்.

"சாக்குக்குப் பின்னால ஒரு கயிறு. கயிறை இந்த முளையில ரெண்டு சுத்துச் சுத்தி, கொஞ்சம் கொஞ்சமா விடணும். ஆட்டைக் கட்டிப்போட்டு மேய விடுற மாதிரி."

"கயிறு இருக்கா?"

"ஆடு கட்டுற கயிறுதான் இருக்கு. எட்டாது."

ஜீப்பிலிருந்து கயிறு வந்தது. லயத்துத் துணிக்கயிறுகளும் வந்தன. எல்லாவற்றையும் முடிந்து நீட்டினோம். இரண்டாவது சாக்கில் கொழுந்துக்குப் பதில் புல்லைக் கட்டினோம். இந்தத் தடவை கயிற்றைப் பிடித்தவள் மதினி. "என்னையும் கட்டி அனுப்பு புள்ள, இந்த வயசுல ஒரு தடவை பறந்து பார்க்குறேன்" என்றாள். "மதினி, கம்பி தாங்காது" என்றேன். சாக்கு மெதுவாக, கோயில் சப்பரம் மாதிரி அசைந்து அசைந்து இறங்கி, கட்டைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பதினாறு பேரும் போட்ட கூச்சலில் அடுத்த டிவிசனில் யாருக்கோ சாவு என்று நினைத்தார்களாம்.

தொரை அன்றைக்கே கம்பெனியில் பணம் கேட்டுவிடவில்லை. "இப்ப எழுதினா இது என்ன விளையாட்டுன்னு கேப்பாங்க. கொஞ்ச நாள் ஓடட்டும்" என்றார். ஆனால் மேசன் ஒருவரையும் சீமெந்தும் தந்தார். கம்பியில் நிற்கிற நாளுக்கு எனக்கும் மதினிக்கும் முழுப்பேர் போடச் சொன்னார். பிடி போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பளியை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல கம்பளி அது.

ஹட்டனுக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். முதலில் ஓடாததையும் பிறகு ஓடியதையும் சேர்த்துச் சொன்னதால் அவருக்கு இரண்டு சிரிப்பு கிடைத்தது. பிறகு கம்பெனியிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்து அளந்தார், ஆட்டிப் பார்த்தார், எழுதினார். புதுக் கம்பியும் கைப்பிடி வைத்த பிரேக்கும் வந்தன. நாங்கள் வெறுங்கையோடு மலை இறங்கினோம். முதல் நாள் தலையில் ஒன்றும் இல்லாமல் நடக்கக் கழுத்து கூசியது.

ஆனாலும் உள்ளுக்குள் பயம் இருந்தது. மலையை வைத்துக்கொள்கிறோம் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. ஒரு நாள் காலை நாங்கள் மேமலைக்கு ஏறியபோது ஆண்கள் எங்களுக்கு முன்னால் அங்கே நின்றார்கள். எல்லோர் கையிலும் கவ்வாத்துக் கத்தி. கவ்வாத்து என்றால் தேயிலையை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவது. வெட்டினால்தான் புதிதாகத் துளிர்த்து இன்னும் சில வருசத்துக்குக் கொழுந்து தரும். காடாக விடப்போகிற மலையில் யாரும் கத்தி வைப்பதில்லை. நாங்கள் படியிலேயே நின்றுவிட்டோம். இடுப்பு உடைந்த அக்காவுக்கு யாரோ போன் போட்டார்கள். "வெட்டுறாங்க, வெட்டுறாங்க" என்று அழுகிற மாதிரி சிரித்தார்கள்.

வெட்டினால் மாதக்கணக்கில் அந்த மலையில் கொழுந்து கிடையாது. அதுவரைக்கும் எங்களைக் கீழ்மலையில் போட்டார்கள். கம்பிக்கு வேலை இல்லையே என்று மதினி கவலைப்பட்டாள். நான் கவலைப்படவில்லை. வெட்டி விழுந்த மிலாறு மலை முழுக்கக் கிடந்தது. மிலாறு எங்களுக்கு அடுப்பு விறகு. ஞாயிற்றுக்கிழமை பதினாறு பேரும் ஏறிப்போய்க் கட்டுக் கட்டாகக் கட்டினோம். நான் பிரேக்கில் நின்றேன். மதினி கீழே நின்று ஒவ்வொரு கட்டாக இறக்கி அடுக்கினாள். சாயந்தரம் அவளிடமிருந்து கங்காணியின் போனுக்கு அழைப்பு வந்தது.

"போதும்னு சொல்லு அவகிட்ட. ரோட்டுல பஸ் போக எடமில்ல, டிரைவர் ஏசுறான்."

நான் கைப்பிடியைத் தளர்த்தி இன்னும் ஒரு கட்டு விட்டேன்.